தங்கத்தைத் தவறவிட்ட எம்.ஜே. கோபாலன்

காந்தி மார்க்கெட் நெரிசலிலும் சந்து கிடைத்தால் ஸ்டம்பு நட்டுவிடும் நம் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு ரஞ்சிக் கோப்பை தெரியும். அதன் முதல் பந்தை வீசியவர் ஒரு தமிழர் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1909-ல் பிறந்த எம்.ஜே. கோபாலன்தான் அவர். 1934 நவம்பர் 4, சேப்பாக்கம், எதிரணி மைசூர். ஆட்டம் ஒரே நாளில் முடிந்து மதராஸ் வென்றது. ஆட்டத்தில் காசு பார்க்கும் காலமல்ல அது. பர்மா ஷெல் கம்பெனி வேலைதான் சோறு போட்டது. வாங்கிக் கொடுத்தவர் ஜான்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர், அவரும் கிரிக்கெட்காரர்.

ஹாக்கியிலும் கோபாலன் கெட்டிக்காரர். 1935-ல் தியான் சந்துடன் நியூசிலாந்து போய் வந்தார். மறு வருடம் வந்தது சிக்கல். பெர்லின் ஒலிம்பிக்கும் இங்கிலாந்து கிரிக்கெட் பயணமும் ஒரே கோடையில். எதற்குப் போவது? கிரிக்கெட்டுக்குப் போனார். அங்கே மூன்று டெஸ்ட், ஒன்றில்கூட இடமில்லை. ஹாக்கி அணியோ இறுதியாட்டத்தில் ஜெர்மனியை 8-1 என்று வீழ்த்தித் தங்கத்தோடு திரும்பியது. பாவம் மனிதர்! 1934 ஜனவரியில் கல்கத்தாவில் ஆடியதுதான் அவருடைய ஒரே டெஸ்ட்.

பின்னாளில் சென்னை, இலங்கை அணிகள் மோதிய கோப்பைக்கு அவர் பெயரை வைத்தார்கள். 2003 டிசம்பரில் சென்னையில் காலமானார், வயது 94.