துறைமுகக் கணக்கரும் ஒரு பேரெண்ணும்

மணலி வழியே துறைமுகத்துக்கு வேலைக்குச் செல்லும் மாத்தூரினர்க்கு, அங்கே கணக்கெழுதி வாழ்ந்த ஸ்ரீநிவாஸ இராமாநுஜனார் அயலாரல்லர். எனினும் அவரைப்பற்றி நம் வீடுகளில் வழங்கும் கதைகள், தெய்வம் கனவிற் கூறியதை அவர் எழுதினார் என்பதோடு நின்றுவிடுகின்றன. அவர்தம் உழைப்பைக் கூறுவார் அரியர். ஆதலின் அவர் கண்ட ஒரு பேரெண்ணை முன்வைத்து அவர் வரலாற்றைச் சிறிது கூறப் புகுவாம்.

அவர் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டிற் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தையார் ஜவுளிக்கடைக் கணக்கர். கணிதமொன்றிலேயே கருத்தூன்றிப் பிற பாடங்களைக் கைவிட்டமையால் கல்லூரி உதவிச் சம்பளத்தை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும் எப். ஏ. தேர்வில் தேறினாரல்லர். 1912 மார்ச்சு முதல் நாள் மாதம் 30 ரூபாய்க்குத் துறைமுகத்தில் அமர்ந்தார். ஆண்டுத் தலைமைக் கணக்கர் நாராயண ஐயரும், தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் துரையும் அவர் அருமையை உணர்ந்து ஆதரித்தனர். தேர்வில் தவறியவனை வீணனென்று தள்ளாத அதிகாரிகள் எக்காலத்தும் சிலரே! 1913-இல் கேம்பிரிட்ஜ் ஹார்டி என்பார்க்குக் கடிதம் விடுத்து, 1914 மார்ச்சு 17-ஆம் நாள் சென்னையினின்றே கப்பலேறினார்.

இனி எண்ணுக்கு வருவாம். 12 என்னும் எண்ணை 1, 2, 3, 4, 6, 12 என ஆறு எண்கள் மீதியின்றி வகுக்கும். அதனிற் சிறிய எவ்வெண்ணுக்கும் இத்துணை வகுக்கும் எண்கள் இல்லை. 60-உம் அத்தகையதே. நாளொன்றை 60 நாழிகையாக வகுத்த நம் முன்னோர், பங்கிடுதற்கு எளிய எண்ணையே கைக்கொண்டனர். இவ்வகை எண்களைப் பகா எண்களின் பெருக்கமாக எழுதினால், 2-இன் அடுக்கு மிகுந்தும் அடுத்தடுத்த பகா எண்களின் அடுக்கு ஏறாதும் வரும். 4, 36 என்னும் இரண்டொழிய, ஈற்றிலுள்ள பகா எண் ஒருமுறையே வரும். இவற்றை இராமாநுஜனார் நிறுவி, நூற்றுக்கு மேற்பட்ட எண்களைக் கையாற் கணித்து வரிசைப்படுத்தினார். அவ்வரிசையின் இறுதி எண் 6746328388800. அதனை வகுப்பன 10080 எண்கள்.

அவ்வரிசையில் ஓரெண் விடுபட்டுள்ளது. அது 293318625600, அதனை வகுப்பன 5040. அதனை 23-ஆற் பெருக்கினால் வருவது அவர் ஈற்றில் எழுதிய அப்பேரெண்ணே! கனவில் வந்த பட்டியலாயின் ஒன்றும் விடுபட்டிராது. இரவும் பகலும் கையாற் கணித்ததனாலேயே விடுபட்டது. இக்குறை அவர் பெருமையைக் குறைப்பதன்று, அவர்தம் உழைப்புக்குச் சான்றாவது என்பதே நம் கருத்து.

இவ்வாராய்ச்சி 1915-இல் இலண்டனிலே அச்சேறியது. அதன் பொருட்டே 1916-இல் கேம்பிரிட்ஜ் பட்டமும் பெற்றார். போர்க்காலப் பண முடையால் கட்டுரையின் ஒரு பகுதி அச்சேறாது நின்றது. அவரோ நோயுற்று 1919-இல் தாய்நாடு மீண்டு, 1920 ஏப்ரல் 26-ஆம் நாள், 32 வயதில், சென்னைச் சேத்துப்பட்டில் உயிர் துறந்தார். நின்றுபோன பகுதி குறிப்புரையுடன் கணித இதழொன்றில் வெளிவந்தது 1997-ஆம் ஆண்டிலேதான்.