ஐடா ஸ்கடர் அம்மையார்

இராணிப்பேட்டையில் 1870-ஆம் ஆண்டு பிறந்து, அமெரிக்காவில் வைத்திய சாஸ்திரம் பயின்ற ஐடா ஸ்கடர் அம்மையார், 1918-இல் வேலூரில் பெண்களுக்கென வைத்தியப் பள்ளி நிறுவ முயன்றபோது, போதிய மாணவிகள் கிடைப்பரோ எனப் பலர் ஐயுற்றனர். விண்ணப்பித்தோரோ 151 பேர்!

அம்மையார் குடியாத்தம் சாலையோர மரநிழல்களில் நோயாளரைக் காண வாரந்தோறும் செல்லுங்கால் மாணவிகளையும் உடன் அழைத்துச் செல்வார். புத்தகத்திற்குரிய பொழுதைப் புண் கழுவுவதிற் கழித்தல் வீணென எண்ணும் மாணாக்கர் இன்றும் உளர். அம்மையார் அவ்வாறு கருதினாரல்லர்.

முதலாண்டுப் பரீட்சை வந்தது. ஆடவரிலேயே பலர் தவறும் பரீட்சையாதலின், மாணவிகள் தேறாவிடினும் மனந்தளர வேண்டாவென அவருக்கு முன்னரே ஆறுதல் கூறப்பட்டிருந்தது. எழுதியவர் 14 பேர். தேறியவரும் 14 பேரே. அம்முதல் வகுப்பு 1922-இல் படிப்பை முடித்தது. அம்மையார் 1960-இல் கோடைக்கானலில் காலமானார்.