நாடிழந்தும் ஏடிழவா மன்னர்

மன்னர்களை அளக்கும் கோலாக வரலாறு பெரும்பாலும் வாளையும் வெற்றியையுமே கொண்டுள்ளது. எத்தனை களம் கண்டார், எத்தனை நாடு கொண்டார் என்று வினவியே அரசர்தம் பெருமை பேசப்படுகிறது. அக்கோலால் அளப்பின், 1798 முதல் 1832 வரை தஞ்சை அரியணையில் வீற்றிருந்த இரண்டாம் சரபோஜிக்கு வரலாற்றில் இடமே இராது. அவர் போர் செய்து ஓர் ஊரையும் வென்றாரல்லர். மாறாக, முடி சூடிய மறு ஆண்டே தம் முன்னோர் ஆண்ட நாட்டை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் கையெழுத்திட்டு ஒப்படைத்தார். ஆயினும், தஞ்சையை ஆண்ட மராத்திய மன்னர்களுள் மக்கள் நாவில் இன்றும் வழங்கும் பெயர் அவருடையதே. நாட்டை இழந்தவர் எவ்வாறு நினைக்கப்படுபவர் ஆனார் என்பதற்கு அவர்தம் வாழ்க்கையே விடையாகும்.

இளமையும் இடரும்

மராத்திய வீரர் சிவாஜியின் தம்பியாகிய ஏகோஜி 1676ஆம் ஆண்டளவில் தஞ்சையில் தொடங்கிய ஆட்சி, நூறாண்டுக்குள் தளர்ந்துவிட்டது. துளஜா மன்னர் காலத்தில், 1773இல், ஆர்க்காட்டு நவாபு கம்பெனிப் படையின் துணையோடு தஞ்சையைக் கைப்பற்றினார். 1776இல் நாடு மீண்டும் துளஜாவிடமே வந்ததெனினும், அது முதல் தஞ்சை கம்பெனியின் நிழலில் வாழும் அரசாகவே இருந்தது. தம் மக்களை எல்லாம் சாவுக்குப் பறிகொடுத்த துளஜா, 1787ஆம் ஆண்டு, தம் வாழ்நாளின் இறுதியில், போன்சலே குலத்தின் கிளையொன்றில் பிறந்த சிறுவன் ஒருவனைத் தத்தெடுத்தார். 1777 செப்டம்பர் 24ஆம் நாள் பிறந்த அச்சிறுவனுக்கு அப்போது பத்து வயதும் நிரம்பவில்லை. அவனே சரபோஜி.

துளஜா தம் மகனை ஒப்படைக்க நாடியது செருமானிய நாட்டுப் பாதிரியாராகிய சுவார்ட்சை. தமிழும் மராத்தியும் பாரசீகமும் கற்று, கம்பெனியாராலும் அரண்மனையாலும் ஒருங்கே மதிக்கப்பெற்ற அப்பெரியவர், அரசுப் பொறுப்பைத் தாம் ஏற்பது தகாதென்று கூறி, துளஜாவின் தம்பியாகிய அமர்சிங்கைக் காப்பாளராக்குமாறு அறிவுரைத்தார். துளஜா மறைந்ததும் நிலைமை மாறியது. தத்தெடுத்த முறை சாத்திரத்திற்குப் பொருந்தாதென்று பண்டிதர்கள் கூற, கம்பெனியார் அமர்சிங்கையே அரசராக்கினர். அரசராக வேண்டிய சிறுவன் அரண்மனைக்குள்ளேயே அடைபட்டான். எழுத்தறிவிப்பாரும் இல்லாது இளமை கழிந்தது. இதனை அறிந்து சென்னை ஆட்சியாளருக்கு முறையிட்டவர் சுவார்ட்சே ஆவார். அதன் பயனாக, துளஜாவின் மனைவியரோடு 1793இல் சரபோஜி சென்னைக்கு அனுப்பப்பெற்றார்.

அங்குச் சுவார்ட்சும் கெரிக்கே பாதிரியாரும் அவருக்கு ஆசிரியராயினர். மூடிய அறையிலிருந்து வெளிவந்த இளைஞருக்கு ஆங்கில மொழியும் அதன் வழியே புதிய அறிவியலும் அறிமுகமாயின. கல்வி மறுக்கப்பட்டவர் அதன் அருமையை நன்கு உணர்வர். பிற்காலத்தில் அவர் நூல்மேல் கொண்ட தீராக் காதலுக்கு இவ்விளமையே வித்திட்டது எனலாம். தத்து பற்றிய வழக்கு மீண்டும் ஆராயப்பெற்று, 1798இல் அமர்சிங் நீக்கப்பட, சரபோஜி முடி சூடினார். அவருக்காக வாதாடிய சுவார்ட்ச் அந்த முடிசூட்டைக் காணவில்லை. அதற்குச் சில திங்கள் முன்னர், அவ்வாண்டு பிப்ரவரியில் அவர் காலமாகியிருந்தார். ஆசிரியரின் இறுதிப் படுக்கையருகே மாணவர் நிற்கும் காட்சியை ஆங்கிலச் சிற்பி பிளாக்சுமனைக் கொண்டு பளிங்கில் வடிக்கச் செய்து, தஞ்சைச் சிறிய கோட்டைக்குள் உள்ள தேவாலயத்தில் மன்னர் நிறுவினார். எனினும் அவர் சமயம் மாறினாரல்லர். இறுதி வரை சைவத் திருக்கோயில்களைப் போற்றிய இந்து மன்னராகவே அவர் வாழ்ந்தார்.

1799

கம்பெனியார் நீதி கருதி மட்டுமே சரபோஜியை அரியணையில் ஏற்றினர் என்று கொள்வதற்கில்லை. 1799 அக்டோபர் 25ஆம் நாள் ஏற்பட்ட உடன்படிக்கை அதன் விலையைக் காட்டிற்று. காவிரிப் படுகையின் வளமெல்லாம் கம்பெனியின் கைக்குச் சென்றது. மன்னருக்கு எஞ்சியவை தஞ்சைக் கோட்டையும் அதனைச் சூழ்ந்த சிறு பகுதியும், ஆண்டுதோறும் ஓர் இலட்சம் வராகனும், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்குமே.

அந்த ஆண்டின் பிற நிகழ்ச்சிகளோடு வைத்து நோக்கும்போதுதான் இவ்வுடன்படிக்கையின் பொருள் விளங்கும். அவ்வாண்டு மே திங்களில் சீரங்கப்பட்டணக் கோட்டையில் திப்பு சுல்தான் போரிட்டு வீழ்ந்தார். தஞ்சையில் உடன்படிக்கை எழுதப்படுவதற்குச் சில நாள் முன்னரே, கயத்தாற்றில் வீரபாண்டியக் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். ஈராண்டு கழித்துச் சிவகங்கைச் சீமையின் மருது சகோதரரும் அதே முடிவை எய்தினர். ஒரே காலத்தில், ஒரே பகைவர் முன்னே, சிலர் தூக்குக் கயிற்றை ஏற்றனர்; ஒருவர் எழுதுகோலை ஏற்றார். வீரத்தைப் போற்றும் தமிழ் நெஞ்சம் இவ்விடத்தில் சரபோஜியைப் பற்றித் தயங்குவது இயல்பே. அத்தயக்கத்தை மறைத்து அவர் புகழ் பாடுவது வரலாறு ஆகாது. அதே வேளையில், இருபத்திரண்டு வயது இளைஞராகிய அவரிடம் படையும் இல்லை, பொருளும் இல்லை. அவரது முடியே கம்பெனி தந்தது என்பதையும் மறத்தலாகாது. இழந்ததை எண்ணி அவர் என்ன செய்தார் என்பதை விட, எஞ்சியதைக் கொண்டு என்ன செய்தார் என்பதே அவரை எடைபோடத் தக்க கேள்வியாகும்.

சத்திரங்கள்

நாட்டைக் கேட்டபோது எதிர்க்காத மன்னர், சத்திரங்களைப் பற்றிய பேச்சு எழுந்தபோது வாளாவிருக்கவில்லை. இராமேசுவரம் செல்லும் பெருவழியில் அவர்தம் முன்னோர் அமைத்த அன்னசத்திரங்கள் பல இருந்தன. நிலம் கம்பெனிக்குச் சென்றால் அறம் நின்றுவிடுமோ என்று அஞ்சிய அவர், அவற்றைத் தம் பொறுப்பிலேயே விடுமாறு 1801இல் கம்பெனியின் பேராளருக்கு நெடிய மடல் எழுதினார். சாதி சமய வேறுபாடின்றி வழிப்போக்கர்க்கு உணவளித்தல், நோயுற்றார்க்கு மருத்துவம், கருவுற்ற மகளிர்க்குப் பேணுதல், சிறார்க்குக் கல்வி ஆகியவை அங்கு நடைபெறுவதை அதில் எடுத்துரைத்தார். சத்திரங்களின் ஆட்சி அரண்மனையிடமே நின்றது. தம் அன்பிற்குரிய முத்தாம்பாளின் நினைவாக ஒரத்தநாட்டில் அவர் எழுப்பிய முத்தாம்பாள் சத்திரம், உணவோடு கல்வியும் அளித்த பெருநிலையமாக விளங்கிற்று. கோட்டையளவே நாடுடைய மன்னருக்குக் குடிமக்களோடு எஞ்சியிருந்த உறவு இச்சத்திரங்களே. அவற்றை அவர் விடாது பற்றிக்கொண்டதன் காரணமும் இதுவே ஆகலாம்.

மருத்துவமும் அச்சும்

அரண்மனையில் தன்வந்திரி மகால் என்னும் மருத்துவ நிலையம் அமைந்தது. சித்தம், ஆயுர்வேதம், யுனானி, மேலை மருத்துவம் ஆகிய முறைகளில் வல்லார் அங்கு ஒருங்கிருந்து பணியாற்றினர். நோயாளிக்கு என்ன நோய், என்ன மருந்து, பயன் யாது என்று எழுதி வைக்கும் வழக்கம் அங்கு இருந்தது. கண்நோயாளர் பற்றிய குறிப்புகள் கண்களின் வண்ணப் படங்களோடு இன்றும் காக்கப்பெறுகின்றன. கண்டறிந்த மருந்து முறைகளை அவைப் புலவர்கள் தமிழ்ச் செய்யுளாக யாத்தனர். அவை சரபேந்திர வைத்திய முறைகள் என்னும் பெயரில், நோய்தோறும் தனித்தனி நூல்களாகப் பிற்காலத்தே அச்சேறின. ஆய்ந்தறிந்ததை நாட்டார் அறியும் மொழியில் எழுதச் செய்தமை குறிக்கத்தக்கது.

நவவித்யா கலாநிதி சாலை என்னும் பள்ளியை நிறுவி மொழிகளோடு புதிய கலைகளையும் பயிற்றுவித்தார். 1805இல் தேவநாகரி எழுத்தில் அச்சிடும் அச்சுக்கூடம் ஒன்றையும் அமைத்தார். ஈசாப்புக் கதைகள் அங்கு மராத்தியில் அச்சிடப்பெற்றன. உலகத்தின் நாடு நகரங்களைக் குறவஞ்சி வடிவில் கூறும் தேவேந்திரக் குறவஞ்சி என்னும் மராத்தி நாடகம் அவர் பெயரால் வழங்குகிறது. தமிழ் மண்ணில் பிறந்த குறவஞ்சி என்னும் இலக்கிய வகை, மராத்தி மொழியில் புவியியல் கற்பிக்கும் கருவியாயிற்று.

சரசுவதி மகால்

நாயக்கர் காலத்தில் தோன்றிய அரண்மனை ஏட்டுச்சாலையை உலகறிந்த சரசுவதி மகாலாக வளர்த்தமையே சரபோஜியின் தலையாய பணி. 1820 முதல் ஏறக்குறைய ஈராண்டுகள் பெரும் பரிவாரத்தோடு அவர் காசி யாத்திரை மேற்கொண்டார். யாத்திரை செல்வோர் கங்கை நீரைக் கொணர்வர். சரபோஜி கங்கை நீரோடு ஏடுகளையும் கொணர்ந்தார். விலைக்குக் கிடைத்தவற்றை வாங்கினார். கிடையாதவற்றைப் படியெடுக்கச் செய்தார். வேதம், தத்துவம், இலக்கணம், இசை, மருத்துவம், சிற்பம் என எத்துறையும் விடுபடவில்லை. ஐரோப்பிய மொழிகளில் அச்சான நூல்கள் மட்டும் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவை சேர்ந்தன. அவற்றுள் பலவற்றில் மன்னர்தம் கையொப்பம் இன்றும் காணப்படுகிறது. 1826இல் தஞ்சைக்கு வந்த ஆயர் ஈபர், ஐரோப்பிய அறிவியலாளர்தம் கருத்துகளை இம்மன்னர் எடுத்தாளக் கேட்டு வியந்தார். நூல்களைச் சேர்த்ததோடு நில்லாது அவர் படிக்கவும் செய்தார் என்பதற்கு இதுவே சான்று.

தமிழும் இசையும்

தாய்மொழி மராத்தியாயினும், அவரது அவை பன்மொழி அவையாகவே திகழ்ந்தது. கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் மன்னரைப் பாட்டுடைத் தலைவராக்கிச் சரபேந்திர பூபாலக் குறவஞ்சி பாடினார். அது தஞ்சைப் பெருவுடையார் கோயில் விழாவில் நெடுங்காலம் ஆடப்பெற்றது. சுவார்ட்சிடம் மன்னரோடு பயின்ற வேதநாயக சாத்திரியார், பெத்லகேம் குறவஞ்சி பாடிய கிறித்தவக் கவிஞர். அவரும் அரண்மனையில் சிறப்புச் செய்யப்பெற்றார். பரதநாட்டியத்தின் இன்றைய கச்சேரி முறையை வகுத்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் தஞ்சை நால்வர் இவ்வவையில் வளர்ந்தவர்கள். தியாகராசர், முத்துசாமி தீட்சிதர், சியாமா சாத்திரிகள் ஆகிய இசை மூவரும் இக்காலத்தவரே. பெருவுடையார் கோயிலின் திருச்சுற்றில் போன்சலே குல வரலாற்றை மராத்தி மொழியில் மிக நீண்ட கல்வெட்டாக 1803இல் பொறிக்கச் செய்தவரும் சரபோஜியே. இராசராசன் கல்லெழுத்தாக்கிய கோயிலில் தம் குலமும் நிலைபெற வேண்டுமென்று நாடிழந்த மன்னர் விழைந்தார் போலும்.

மனோரா

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, கடலோரத்தில் சரபேந்திரராசன்பட்டினத்தில், எட்டு அடுக்குகளோடு ஒரு கோபுரம் நிற்கிறது. மனோரா என்பர். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாட 1814இல் சரபோஜி எழுப்பியது அது. ஆங்கிலேயரின் நண்பர் என்று தம்மைக் கூறிக்கொள்ளும் கல்வெட்டு அங்குப் பல மொழிகளில் பொறிக்கப்பெற்றுள்ளது. தம் நாட்டைக் கொண்டவரின் வெற்றிக்குத் தாமே நினைவுச்சின்னம் எழுப்பிய செயலைப் பலவாறு விளக்கலாம். நன்றி என்பார் உளர். அச்சம் என்பார் உளர். எவ்வாறு கொள்ளினும், அடிமைப்பட்ட அரசின் அவலத்தைக் காட்டும் கல்லாகவே அது நிற்கிறது. மனோராவையும் சரசுவதி மகாலையும் எழுப்பியது ஒரே கை. ஒன்றை மறைத்து மற்றொன்றைக் காட்டுவோர் சரபோஜியை முழுமையாக அறிந்தவராகார்.

எஞ்சியது

1832 மார்ச்சு 7ஆம் நாள் சரபோஜி மறைந்தார். மகன் சிவாஜி 1855இல் ஆண்மகவின்றி இறக்க, எஞ்சியிருந்த கோட்டையையும் கம்பெனியார் எடுத்துக்கொண்டனர். அரசி காமாட்சிபாய் வழக்குத் தொடுத்தார். சென்னை நீதிமன்றத்தில் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பாயிற்று. எனினும், அரசின் செயலை நீதிமன்றம் ஆராய்தற்கில்லை என்று இலண்டன் பிரிவிக் கவுன்சில் 1859இல் முடிவு கூறியது. 1799இல் ஒப்பமிட்டுக் காத்துக்கொண்ட சிறு நிலமும் இவ்வாறு அறுபது ஆண்டுக்குள் அகன்றது.

அழியாது நின்றவை ஏடுகள். தஞ்சையில் நீதிபதியாயிருந்த பர்னல், வடமொழிச் சுவடிகளின் பட்டியலைத் தொகுத்து 1880இல் வெளியிட, மேலை நாட்டறிஞர் இந்நூலகத்தின் அருமையை உணர்ந்தனர். அரச குடும்பத்தார் தம் உரிமையை விட்டுக்கொடுக்க, 1918இல் அது பொதுநூலகமாயிற்று. தமிழ்ச் சுவடிகள் மட்டும் மூவாயிரத்துக்கு மேற்பட்டவை அங்குள்ளன. அவற்றுள் பல பதிப்பிக்கப்பெற்றுத் தமிழாய்வுக்குத் துணைபுரிந்துள்ளன.

உடன்படிக்கையால் அவர் பெற்ற வராகன்கள் செலவாகிவிட்டன. அவற்றைக் கொண்டு அவர் சேர்த்த ஏடுகள் நிற்கின்றன. அரண்மனையின் நாயக்கர் தர்பார் மண்டபத்தில் கைகூப்பி நிற்கும் அவரது வெண்பளிங்குச் சிலையைக் காண்போர், அந்தக் கைகூப்பு யாரை நோக்கியது என்று எண்ணிப் பார்க்கலாம். வென்றவரை நோக்கியது என்று கூறவும் இடமுண்டு. ஆனால் அதே அரண்மனை வளாகத்தில், ஏடு நாடி வருவோர்க்கெல்லாம் கதவு திறந்திருக்கும் சரசுவதி மகாலை நினைப்போர், அது கற்பாரை நோக்கியது என்று கொள்ளவே விரும்புவர். அவ்வாறு கொள்ளும் உரிமையை அவர்தம் ஏடுகளே அவர்க்கு ஈட்டித் தந்துள்ளன.