விரல்களால் இதயத்தைக் கேட்டவர்

கோல சிலாங்கூர் வட்டாரத்தில் உயிரியல் கற்பிக்கிறேன். பெஸ்தாரி ஜெயா, ஈஜோக் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் மாணவர்களில் சிலர், வாசிப்பில் தடுமாறுவதாலேயே அறிவியல் தங்களுக்கு ஆகாது என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் வாழ்க்கை வரலாறு டாக்டர் ஹெலன் டௌசிக்குடையது.

1898-இல் அமெரிக்காவில் பிறந்த ஹெலனுக்கு எழுத்துகள் குழப்பமாகத் தெரிந்தன. 11 வயதில் தாயை இழந்தார். தந்தையே பொறுமையாக உடனிருந்து படிக்க வைத்தார். ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரி அக்காலத்தில் பெண்களுக்குப் பட்டம் தராததால், ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பயின்று 1927-இல் மருத்துவரானார். பிறகு செவித்திறனும் குறைந்தது. குழந்தைகளின் நெஞ்சில் விரல்களை வைத்தே இதயத் துடிப்பை அறியப் பழகினார்.

அவர் கூர்ந்து கவனித்தது ஒரு சிறு குழாயை. கருவிலுள்ள குழந்தையின் நுரையீரலுக்கு மூச்சு வேலை இல்லை. ஆகவே அங்கே போகும் இரத்தத்தின் பெரும்பகுதியை இக்குழாய் பெருந்தமனிக்குத் திருப்பிவிடும். நிறைமாதத்தில் பிறந்தால் சில நாள்களில் அது மூடிக்கொள்ளும். குறைமாதக் குழந்தைகளுக்கோ பல நேரங்களில் திறந்தே இருக்கும். அப்போது ஓட்டம் திசை மாறி, உடலுக்குப் போகவேண்டிய இரத்தம் நுரையீரலுக்குள் பாயும். நுரையீரல் திணறும், குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் இரத்தம் குறையும். தஞ்சோங் காராங் வயல்களில் நடுவே மடை உடைந்தால் கடைசி வயலுக்கு நீர் எட்டாததைப் போலத்தான்.

1938-இல் போஸ்டனில் டாக்டர் ராபர்ட் கிராஸ் ஒரு சிறுமிக்கு இக்குழாயைக் கட்டி மூடினார். ஹெலனோ மறுபக்கத்தைக் கண்டார். நுரையீரலுக்குச் செல்லும் பாதை குறுகி, உடல் நீலம் பாய்ந்த குழந்தைகள், குழாய் திறந்திருக்கும்வரை தாக்குப்பிடித்தனர். அது மூடியதும் நிலை மோசமானது. ஒரு குழந்தைக்கு ஆபத்தானது இன்னொரு குழந்தைக்கு உயிர்நாடி!

அப்படியொரு பாதையை அறுவை சிகிச்சையால் உண்டாக்க முடியாதா என்று கேட்டார். கிராஸ் அக்கறை காட்டவில்லை. அறுவை மருத்துவர் ஆல்ஃபிரட் பிளாலாக்கும் ஆய்வுக்கூட உதவியாளர் விவியன் தாமஸும் கைகொடுத்தனர். கறுப்பினத்தவரான தாமஸின் பங்கு நெடுங்காலம் பேசப்படவே இல்லை. 1944 நவம்பர் 29-ஆம் தேதி முதல் சிகிச்சை நடந்தது. அக்குழந்தை நீண்ட நாள் வாழவில்லை. ஆனால் அதன்பின் ஆயிரக்கணக்கான குழந்தைகள் பிழைத்தனர்.

பர்மாவில் பிறந்து, போர்க்காலத்தில் கோயம்புத்தூருக்குத் தப்பி வந்த டாக்டர் பத்மாவதியும் ஹெலனிடம் பயின்றவர். இந்தியாவின் முதல் பெண் இதய மருத்துவர். ஹெலன் 1986-இல் மறைந்தார்.

மூன்றாம் படிவம் முடித்துப் பாடத் தேர்வு செய்யப்போகும் மாணவர்களே, வாசிப்பு மெதுவாக வருவது அறிவுக் குறைவின் அடையாளமன்று. ஆசிரியரிடம் உதவி கேளுங்கள். அறிவியலை விட்டு மட்டும் விலகாதீர்கள்.