உத்தியோகம் மறுக்கப்பட்ட உத்தமர்: டாக்டர் வூ லியென் தே

கற்றுத் தேறியும் பதவி கிட்டாத இளைஞரின் மனத்துயரம் நம் ஊர் வாலிபருக்குப் புதிதன்று. பட்டத்தைப் பெற்றுக்கொண்டு நியமனக் கடிதத்துக்காகக் காத்திருக்கும் அண்ணன்மாரையும் அக்காமாரையும் நாம் தினமும் காண்கிறோம். ஆகவே, தம்மைப் படிப்பித்த அரசாங்கத்தாலேயே ஒதுக்கப்பட்டும் உலகம் போற்ற உயர்ந்த டாக்டர் வூ லியென் தே அவர்களின் சரிதத்தை இவ்வாண்டு மலரிலே நினைவுகூர்வது பொருத்தமெனக் கருதுகிறோம்.

மலாயா என்றதும் நம் பெரியோருக்கு நினைவு வருவோர் யாழ்ப்பாணத்து மலாயாப் பென்சன்காரர்களே. அந்த மலாயாவைச் சார்ந்த பினாங்குத் தீவிலே, சீனாவிலிருந்து வந்து குடியேறிய ஒரு பொற்கொல்லரின் மகனாக, 1879 ஆம் ஆண்டு மார்ச் 10 ஆம் திகதி வூ பிறந்தார். பினாங்கு பிரீ ஸ்கூலில் கற்று, 1896 இல் இராணி புலமைப் பரிசிலை வென்று இங்கிலாந்து சென்றார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் வைத்தியம் பயின்ற முதலாவது சீன மாணவர் இவரே. லண்டன் சென் மேரிஸ் வைத்தியசாலையிலும், லிவர்பூலிலும், ஜெர்மனியிலும், பாரிஸ் பாஸ்டர் நிலையத்திலும் பயிற்சி பெற்று, 1903 இல் தாயகம் மீண்டார்.

மீண்டவருக்குக் காத்திருந்தது ஏமாற்றமே. அரசாங்க வைத்திய சேவையின் உயர்பதவிகள் ஐரோப்பியருக்கு மட்டுமே உரியனவாயிருந்தன. சீனரோ, தமிழரோ, மலாயரோ எத்துணை கற்றிருப்பினும் அவர்களுக்குக் கீழ்ப்படிப் பதவிகளே உண்டு. அரசாங்கப் பரிசிலிலே படித்தவரின் அறிவை அளக்க அரசாங்கத்திடம் கோல் இல்லை. தோலின் நிறத்தை அளக்க மட்டும் கோல் இருந்தது! இந்தியாவிலே வைத்திய சேவைக்கான போட்டிப் பரீட்சையில் 1855 இலேயே வங்காளத்து டாக்டர் சக்கர்பட்டி தேறியிருந்தார். நம் இலங்கையிலும் 1870 இல் கொழும்பு வைத்தியக் கல்லூரி தொடங்கிவிட்டது. அவ்வாறிருந்தும் மலாயாவின் கதவு திறக்கவில்லை.

வூ சோர்ந்திருக்கவில்லை. கோலாலம்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் ஓராண்டு பெரிபெரி நோயை ஆராய்ந்தார். பின்னர் பினாங்கிலே, தமிழ் முஸ்லிம்களாகிய சூலியரின் பெயரால் வழங்கும் சூலியா வீதியில், சொந்தமாக வைத்தியம் செய்தார். அபின் பழக்கத்தை எதிர்த்து இயக்கம் நடத்தினார். அபினோ அரசாங்கத்துக்குப் பெருவருவாய் தந்த பொருள். 1907 இல் அவருடைய மருந்தகம் சோதனையிடப்பட்டது. அங்கிருந்த ஓர் அவுன்சு அபின் மருந்துக்காக அவருக்கு அபராதம் விதிக்கப்பட்டது. அவ்வேளையிலே சீனாவிலிருந்து அழைப்பு வந்தது. தியன்ட்சின் இராணுவ வைத்தியக் கல்லூரியின் உப அதிபர் பதவியை ஏற்று, 1908 இல் சீனா சென்றார்.

1910 ஆம் ஆண்டின் கடுங்குளிரிலே மஞ்சூரியாவில் ஒரு கொள்ளைநோய் பரவிற்று. தொற்றியவர் ஒருவரும் பிழைக்கவில்லை. 31 வயதே நிரம்பிய வூ, டிசம்பர் இறுதியில் ஹார்பின் நகரை அடைந்தார். இறந்த பெண்ணொருவரின் உடலைச் சோதித்து, இது நுரையீரலைத் தாக்கும் பிளேக்கு என்றும், எலித்தெள்ளினாலன்றி மூச்சுக்காற்றினாலேயே ஒருவரிலிருந்து மற்றவருக்குத் தொற்றுகிறதென்றும் கண்டார். பஞ்சையும் மெல்லிய துணியையும் மடித்து முகக்கவசம் செய்வித்தார். அவரிலும் மூத்த பிரெஞ்சு வைத்தியர் மெஸ்னி அம்முடிவை ஏற்காது, கவசமின்றி நோயாளரைப் பார்வையிட்டார். சில நாட்களில் அந்நோய்க்கே பலியானார்.

நிலம் பனியால் இறுகியமையால், 2,000க்கு மேற்பட்ட சடலங்கள் புதைக்கப்படாது கிடந்தன. தகனம் நமக்கு வழக்கம். முன்னோரை மண்ணில் அடக்கிப் போற்றும் சீனருக்கோ அது மனம் பொறாத செயல். அதனால் வூ பேரரசின் அனுமதியை முதலிற் பெற்று, அதன் பின்னரே எரியூட்டுவித்தார். மார்ச் மாதத்தில் ஹார்பினில் நோய் ஒழிந்தது. ஏறக்குறைய 60,000 பேரைப் பலிகொண்ட அந்நோயை ஆராய, 1911 ஏப்ரலில் முக்டன் நகரிலே பல நாட்டு விஞ்ஞானிகள் கூடினர். ஐரோப்பிய அறிஞர்களும் அமர்ந்த அம்மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர், பினாங்கிலே பதவி மறுக்கப்பட்ட அதே வூ! 1935 இல் நோபல் பரிசுக்கும் அவர் பெயர் முன்மொழியப்பட்டது.

1937 இல் யுத்தத்தின் காரணமாக மலாயா திரும்பி, ஈப்போ நகரிலே சாதாரண வைத்தியராகப் பணிபுரிந்தார். 1960 ஜனவரி 21 ஆம் திகதி பினாங்கிலே காலமானார். 2020 இல் கொரோனா வந்து நாமெல்லாம் முகக்கவசம் அணிந்தபோது, உலகம் அவரை மீண்டும் நினைத்தது.

வாலிப அன்பர்களே! ஒரு கதவு மூடியதென்று கற்ற கல்வியைக் கைவிடாதீர். பெரியோர்களே! அன்று மலாயாவில் நடந்தது அநீதி என்று சொல்வது எளிது. நம் சங்கங்களிலும் ஆலய பரிபாலன சபைகளிலும் ஒருவருக்குப் பொறுப்பைக் கொடுக்குமுன் அவர் யாருடைய பிள்ளை, எந்தக் குடி என்று நாம் கேட்பதில்லையா? பிறப்பைப் பார்த்து வூவை இழந்தது மலாயா. அத்தகைய ஒருவரை நாமும் இழந்துவிடாதிருப்போமாக.