மனத்திலே ஏடு வைத்திருந்த மகாவித்துவான்

திருச்சிராப்பள்ளித் தெருவிலே ஒரு பரதேசி பிச்சைக்குப் போகிறார். ஒரு வீட்டு வாசலில் நிற்கிறார். கிடைத்ததை வாங்கிக்கொள்கிறார். அடுத்த வீட்டுக்கு நடக்கிறார். அவர் கூடவே ஓர் இளைஞரும் நடக்கிறார்.

அந்த இளைஞர் பிச்சைக்கு வந்தவர் அல்லர். பாடம் கேட்க வந்தவர்! தண்டியலங்காரம் என்பது கவிதையின் அழகுகளைப் பற்றிச் சொல்லும் பழைய இலக்கண நூல். அது அந்தப் பரதேசிக்குத் தெரியும். ஆனால் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. ஆகவே, அவர் போகும் இடமெல்லாம் இளைஞரும் போனார். ஒரு வாசலுக்கும் அடுத்த வாசலுக்கும் இடையே சந்தேகம் கேட்டார். கேட்டதை மனத்திலே பதித்துக்கொண்டார்.

அந்த இளைஞர்தாம் பிற்காலத்தில் மகாவித்துவான் என்று தமிழ்நாடு போற்றிய திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. தமிழ்த் தாத்தா உ. வே. சாமிநாதையருக்கு ஆசிரியர் என்றால் எல்லோருக்கும் விளங்கும்.

தந்தையே ஆசிரியர்

1815-ம் ஆண்டு ஏப்ரல் 6-ந் தேதி, திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரிலே அவர் பிறந்தார். தந்தை சிதம்பரம் பிள்ளை தமிழ் ஆசிரியர். மகனுக்கு முதல் ஆசிரியரும் அவரே. மகன் வாலிபம் அடையும் முன்பே அந்தத் தந்தை கண்ணை மூடினார்.

ஆதரவு போயிற்று. ஆனால் படிப்பு ஆசை போகவில்லை. பையன் திருச்சிராப்பள்ளிக்கு வந்தார். மலைக்கோட்டை மௌன மடத்திலே இருந்த வேலாயுத முனிவரிடம் பாடம் கேட்டார். யாருக்கு எந்த நூல் தெரியும் என்று விசாரித்தார். தெரிந்தவர் பெரியவரா, சிறியவரா என்று பார்க்கவில்லை. தேடிப் போய்க் கற்றார்.

அந்தக் காலத்தில் அச்சுப் புத்தகம் அபூர்வம். பனை ஓலைச் சுவடிதான். அதை இரவல் வாங்க வேண்டும். எழுத்தாணியால் பிரதி செய்ய வேண்டும். குறித்த நாளில் திருப்பிக் கொடுக்க வேண்டும். கை மாறிய ஏடு மறுபடியும் கைக்கு வருமோ, வராதோ! ஆகையால் படித்ததை மனப்பாடம் செய்துவிடுவார்கள். பிள்ளையவர்களுக்கு மனமே பெரிய சுவடிக் கட்டு ஆகிவிட்டது.

வாயிலிருந்து கொட்டிய கவிகள்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஸ்ரீரங்கத் தீவு இருக்கிறது. அந்தத் தீவிலேதான் திருவானைக்காவும் இருக்கிறது. அங்கே கோயில்கொண்டுள்ள அகிலாண்டேசுவரி மீது பிள்ளையவர்கள் ஒரு பிள்ளைத்தமிழ் பாடினார். பிள்ளைத்தமிழ் என்றால் தெய்வத்தையோ பெரியோரையோ குழந்தையாகப் பாவித்துப் பாடும் நூல். அதிலே பத்துப் பருவங்கள் உண்டு. இப்படி அவர் பாடிய பிள்ளைத்தமிழ்கள் மட்டும் பத்து. உறையூருக்குப் புராணம் பாடினார். தல புராணங்கள் மொத்தம் இருபதுக்கு மேல்!

இவ்வளவையும் அவர் எப்படிப் பாடினார்? அதுதான் ஆச்சரியம். பெரும்பாலும் அவர் எழுத்தாணியைத் தொடுவதில்லை. மாணவர் ஒருவர் ஓலையும் எழுத்தாணியுமாக உட்கார்ந்திருப்பார். பிள்ளையவர்கள் மனத்திலேயே பாட்டை அமைத்து வாயால் சொல்லுவார். நடுவிலே யாராவது பார்க்க வருவார்கள். அவர்களோடு பேசுவார். மற்ற மாணவர்களுக்குப் பாடம் சொல்லுவார். பிறகு விட்ட இடத்திலிருந்து பாட்டைத் தொடங்குவார். எழுதுகிறவருக்குக் கை வலிக்கும். சொல்லுகிறவருக்குச் சலிப்பு வராது.

இதன் ரகசியம் என்ன?

இது மந்திரமா? இல்லை. மனம் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் விஷயம் விளங்கும்.

நம் மனத்தால் ஒரே சமயத்தில் நாலைந்து புதிய விஷயங்களைத்தான் பிடித்து வைத்திருக்க முடியும். மனநூல் அறிஞர்கள் சோதித்துக் கண்ட உண்மை இது. ஆனால் பழகிப்போன காரியத்துக்கு அவ்வளவு கவனம் தேவையில்லை.

வீட்டிலே முறுக்குச் சுற்றும் பாட்டியைப் பாருங்கள். முதன்முதலில் சுற்றியபோது அவருக்கும் கண்ணெல்லாம் மாவின் மீதுதான் இருந்திருக்கும். இன்றோ கை தானாகச் சுற்றுகிறது. வாய் பேரனுக்குக் கதை சொல்லுகிறது. நாள்தோறும் கவனத்தோடு செய்தது ஞாபகத்திலே ஊறிவிட்டது. ஊறிய ஞாபகம் கையை நடத்துகிறது. கவனம் வேறு வேலைக்கு ஓய்வாகிவிடுகிறது.

பிள்ளையவர்களுக்கு எதுகை, மோனை, சீர், தளை எல்லாம் அப்படித்தான் ஊறியிருந்தன. அவற்றைத் தேட வேண்டிய சிரமம் இல்லை. கவனம் முழுவதும் பொருளின் மீது நின்றது. தெருத் தெருவாகப் பரதேசியோடு நடந்த நாட்களின் பலன் அது.

அவருடைய மாணவர்களிலே சுப்பராய செட்டியார் என்று ஒருவர். சோடசாவதானம் என்பது அவருடைய பட்டம். அவதானம் என்றால் கவனம். சோடசம் என்றால் பதினாறு. மணி அடிப்பதை எண்ண வேண்டும். முதுகில் எறியும் பூவை எண்ண வேண்டும். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். கவியும் பாட வேண்டும். இப்படிப் பல காரியங்களைச் சபையிலே ஒருசேரச் செய்து காட்டுவதுதான் அவதானம். இதுவும் பயிற்சியால் வருவதே.

வராத எண்ணெய்

1871-ம் ஆண்டில் சாமிநாதையர் மாயூரத்துக்கு வந்து பிள்ளையவர்களிடம் மாணவராகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது பதினாறு. எத்தனை பெரிய புலவரானாலும் ஆசிரியர் வீட்டிலே வறுமை குடியிருந்தது. வந்த பணம் தங்காது. தம் குறையைப் பிறரிடம் சொல்லிக்கொள்ளும் வழக்கமும் அவருக்கு இல்லை.

ஒரு நாள் காலையில் பிள்ளையவர்கள் எண்ணெய் தேய்த்துக்கொள்வதற்காகப் பலகையிலே உட்கார்ந்தார். எண்ணெய் வரவில்லை. சாமிநாதையர் அதைக் கவனித்தார். வீட்டிலே எண்ணெய் இல்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. தம் கையில் இருந்த காசை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினார். எண்ணெய் வாங்கிவந்து சமையல் செய்பவரிடம் கொடுத்தார். ஆசிரியரின் எண்ணெய் ஸ்நானம் நடந்தது.

அது ஏட்டுப் பாடம் அன்று. ஆனாலும் அதைவிடப் பெரிய பாடம் எது? கண் கவனித்தது, கால் ஓடியது. கவனம் இல்லாத இடத்தில் அன்பு இருந்தும் பயன் இல்லை.

கடைசி வேளை

1876-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி திருவாவடுதுறையிலே பிள்ளையவர்கள் காலமானார். கடைசி வேளையில் அவரைத் தம் மார்பிலே சாய்த்துக்கொண்டிருந்தவர் சவேரிநாத பிள்ளை என்ற கிறிஸ்தவ மாணவர். பக்கத்திலிருந்து திருவாசகம் படித்தவர் சாமிநாதையர். நாகூர்க் குலாம் காதிறு நாவலரும் அவருடைய மாணவரே. பரதேசியிடம் பாடம் கேட்டவர் தம்மிடம் வந்தவர்களிடம் சாதி, சமயம் பார்ப்பாரா?

ஆசிரியர் மறைந்து ஐம்பத்தேழு ஆண்டுகள் சென்றன. சாமிநாதையருக்கு வயது எழுபத்தெட்டு. அப்போது, 1933-ம் ஆண்டில், ஆசிரியரின் சரித்திரத்தை எழுதி முதல் பாகத்தை வெளியிட்டார். அடுத்த ஆண்டில் இரண்டாம் பாகமும் வந்தது. அத்தனை காலம் கழித்தும் அவருக்கு அவ்வளவும் ஞாபகம் இருந்தது. இளமையில் ஊன்றிக் கவனித்தது முதுமையிலும் அவர் கையை எழுதவைத்தது.

குழந்தைகள் படிக்கும்போது பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். வேறு வேலையை ஒதுக்கி வையுங்கள். இன்று அவர்கள் எதைக் கவனிக்கிறார்களோ, அதுதான் நாளைக்கு அவர்கள் கையை நடத்தும்.