கலிங்க வேந்தர் காரவேலர்: கற்றபின் ஆண்ட சிராவகர்

ஒடிசாவின் தலைநகராகிய புவனேசுவரத்தின் மேற்கே உதயகிரி, கண்டகிரி என்னும் இரு குன்றுகள் ஒன்றையொன்று நோக்கி நிற்கின்றன. உதயகிரியில் உள்ள குகைகளுள் ஒன்றிற்கு ஹாத்திகும்பா, அதாவது யானைக்குகை, என்று பெயர். இயற்கையாய் அமைந்த அக்குகையின் நெற்றிப் பாறையில் பிராகிருத மொழியில், பிராமி எழுத்தில், 17 வரிகள் பொறிக்கப்பட்டுள்ளன. அருகர்களுக்கும் சித்தர்களுக்கும் வணக்கம் கூறி அக்கல்வெட்டு தொடங்குகிறது. கலிங்கத்தை ஆண்ட மகாமேகவாகன மரபினரும், சேதி குலத்தவருமாகிய காரவேலரின் வாழ்க்கையை நாம் அறிவது பெரும்பாலும் அந்த 17 வரிகளால்தான். 1837-இல் ஜேம்ஸ் பிரின்செப் அதனைப் படிக்க முயன்றார். 1885-இல் பகவான்லால் இந்திரஜி என்னும் அறிஞரே மன்னரின் பெயரைச் சரியாகக் கண்டுரைத்தார். பின்னர் கே. பி. ஜயசுவாலும் ஆர். டி. பானர்ஜியும் ஆண்டுக்கணக்கில் அப்பாறையோடு போராடி, காற்றும் மழையும் விட்டுவைத்த எழுத்துகளை ஒழுங்குபடுத்தினர்.

காரவேலர் கி.மு. முதல் நூற்றாண்டினர் என்பது பெரும்பாலோர் கொள்கை. அதற்கும் ஒரு நூற்றாண்டு முற்பட்டவர் என்பாரும் உளர். எவ்வாறாயினும், மௌரியப் பேரரசு சிதைந்தபின் தலைநிமிர்ந்த கலிங்கத்தின் வேந்தர் அவர். அவருடைய நாட்டின் நினைவில் ஒரு பெரும் புண் இருந்தது. அசோகர் கலிங்கத்தின்மீது படையெடுத்தபோது ஓர் இலட்சம் பேர் மாண்டதாகவும், ஒன்றரை இலட்சம் பேர் சிறைப்பட்டுக் கொண்டுசெல்லப்பட்டதாகவும் அசோகரே பொறித்து வைத்துள்ளார். அக்கழிவிரக்கக் கல்வெட்டைக் கலிங்க மண்ணில் மட்டும் அவர் வெட்டுவிக்கவில்லை. தௌலிப் பாறையில் அதற்குப் பதிலாக வேறு ஆணைகளே உள்ளன. அந்தத் தௌலி, யானைக்குகையிலிருந்து ஏறத்தாழ ஆறு மைல் தொலைவில், அதன் எதிர்முகமாக இருக்கிறது. தோற்ற நாட்டில் பிறந்து, வென்றவரின் கல்லை நாள்தோறும் எதிரே கொண்டு வளர்ந்த ஓர் இளைஞர் எத்தகைய தலைவராக உருவாகக்கூடும் என்னும் வினா, அவர் வாழ்வைப் படிப்போர் உள்ளத்தில் எழுவது இயல்பு.

அரசர்களைப் பற்றிய பழைய கல்வெட்டுகள் பிறப்பைப் புகழும், போரைப் புகழும். கல்வியைப் பற்றி விரித்துரைப்பவை அரியவை. காரவேலரின் கல்வெட்டு அவ்வரியவற்றுள் ஒன்று. பதினைந்து ஆண்டுகள் இளமைக்குரிய விளையாட்டுகளில் கழிந்தன என்று ஒளிவுமறைவின்றிக் கூறிவிட்டு, பிறகு அவர் கற்ற துறைகளைப் பெயர்சொல்லி அடுக்குகிறது: லேகம், ரூபம், கணனம், வியவகாரம், விதி. லேகம் என்பது அரசு ஓலைகளையும் ஆணைகளையும் எழுதும் முறை. ரூபம் என்பதை நாணயவியல் என்று அறிஞர் பலரும் கொள்வர். கணனம் வரவுசெலவுக் கணக்கு. வியவகாரம் வழக்குத் தீர்க்கும் நெறி. விதி, சட்டமும் ஒழுகலாறும். வாட்பயிற்சியும் யானையேற்றமும் இப்பட்டியலில் இல்லை என்பது கருதத்தக்கது. அவற்றை அவர் பயிலாதிருந்திருக்க முடியாது. ஆயினும், தம் தகுதி இன்னது என்று உலகுக்கு அறிவிக்கும் இடத்தில் அவர் முன்வைத்தது கணக்கனும் நடுவனும் கற்கும் கல்வியையே.

அக்காலத்தில் ஆட்சித்தலைமை பற்றிய கோட்பாடுகள் நூல்களாகவே வழங்கின. கௌடில்யரின் அர்த்தசாத்திரம், அரசகுமாரன் முதலில் எழுத்தும் எண்ணும் கற்று, பொருளியலைத் துறைத்தலைவர்களிடமும், தண்டநீதியை அதனைக் கற்பிப்போரிடமும் நடத்துவோரிடமும் பயின்று, பதினாறாம் ஆண்டுவரை மாணவனாகவே இருத்தல் வேண்டும் என விதிக்கிறது. காரவேலரின் கல்வித்திட்டம் அதனோடு பெரிதும் ஒத்துவருகிறது. சமணமும் இத்துறையைப் புறக்கணிக்கவில்லை. பின்னாளில், 10-ஆம் நூற்றாண்டில், சோமதேவ சூரி என்னும் திகம்பர ஆசாரியர் நீதிவாக்கியாமிர்தம் என்னும் அரசியல் நூலையே இயற்றினார்.

கற்றவுடன் அரியணை ஏறவில்லை. ஒன்பது ஆண்டுகள் இளவரசராக இருந்து ஆட்சிப்பணி பழகினார். 24 ஆண்டுகள் நிறைந்தபின்னரே முடிசூடினார்.

முதலாண்டில் அவர் செய்தது போர் அன்று. புயலால் சிதைந்த கலிங்க நகரத்தின் வாயில்களையும் மதில்களையும் மாளிகைகளையும் பழுதுபார்த்தார். ஏரிகளின் கரைகளைக் கட்டுவித்தார். அழிந்த சோலைகளை மீட்டார். இப்பணிகளுக்கு 35 இலட்சம் செலவாயிற்று என்று தொகையும் கூறப்பட்டுள்ளது. புவனேசுவரத்தை ஒட்டிய சிசுபால்கட் என்னும் இடத்தில் 1948-இல் பி. பி. லால் அகழ்ந்து வெளிப்படுத்திய மதில்சூழ் நகரமே அக்கலிங்க நகரம் என்று அறிஞர் பலர் கருதுவர். புயலுக்குப்பின் மதிலும் கரையும் சீர்செய்வது எத்தகைய பணி என்பதைப் பருத்திப்பட்டில் வாழ்வோர்க்கு விளக்கவேண்டுவதில்லை. மார்கழி மழையில் ஆவடிச் சாலைகள் வாய்க்காலாவதையும், நெடுங்காலம் பாழ்பட்டுக் கிடந்த பருத்திப்பட்டு ஏரி கரை உயர்த்தப்பட்டுப் பொலிவு பெற்றதையும் கண்டவர்கள், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஓர் இளம் மன்னர் முடிசூடிய கையோடு ஏரிக்கரைக்குச் சென்றதன் பொருளை உணர்வர்.

இரண்டாம் ஆண்டில், மேற்றிசை ஆண்ட சாதகர்ணி மன்னரைப் பொருட்படுத்தாது படையனுப்பினார். மூன்றாம் ஆண்டில் போர் இல்லை. இசைக்கலை வல்லவராகிய மன்னர், ஆடலும் பாடலும் கருவியிசையுமாக விழாக்கள் எடுத்துத் தலைநகரை மகிழ்வித்தார். நான்காம் ஆண்டில் இரதிகரும் போஜகரும் அடிபணிந்தனர். இவ்வாறு படையெடுப்பும் குடிப்பணியும் மாறிமாறி வருவது அவ்வாட்சியின் இயல்பாகவே தோன்றுகிறது.

ஐந்தாம் ஆண்டுச் செய்தி சற்று நின்று நோக்கற்குரியது. முற்காலத்து நந்த மன்னன் ஒருவன் வெட்டுவித்த கால்வாயைக் காரவேலர் தம் தலைநகருக்குள் நீட்டித்தார். அந்நந்தன் யார்? கலிங்கம் வழிபட்ட ஜினர் திருவுருவத்தை மகதத்திற்கு எடுத்துச்சென்ற மரபினன். அவ்விழப்பைக் காரவேலர் மறக்கவில்லை என்பதைப் பின்வரும் செய்தி காட்டும். இருந்தும், கால்வாயைத் தம்முடையதாகக் கூறிக்கொள்ளாமல், வெட்டியவன் பெயரைக் கல்லில் பொறித்தார். பகைவன் செய்த நன்மையைப் பகைவன் பெயராலேயே வழங்கவிட்ட அரசர்கள் மிகச் சிலர். ஆறாம் ஆண்டில் நகரமாந்தர்க்கும் நாட்டுமாந்தர்க்கும் பல இலட்சம் மதிப்புள்ள வரிகளைத் தள்ளுபடி செய்தார்.

எட்டாம் ஆண்டில் பெரும்படையோடு வடக்கே சென்று கோரதகிரியைத் தகர்த்து இராசகிருகத்தை நெருக்கினார். அச்செய்தி கேட்டு யவன மன்னன் ஒருவன் மதுரா நோக்கிப் பின்வாங்கினான். ஒன்பதாம் ஆண்டில் 38 இலட்சம் செலவில் மகாவிஜயம் என்னும் அரண்மனை எழுந்தது. பத்தாம் ஆண்டில், தண்டம், சந்தி, சாமம் என்னும் அரசியல் வழிகள் மூன்றையும் குறிப்பிட்டே பாரதவருடத்தின்மீது படை சென்றதைக் கல்வெட்டு சொல்கிறது. இளமையில் ஓதிய நீதிநூல் அங்கே செயலில் தெரிகிறது.

பதினோராம் ஆண்டைப் பற்றித் தமிழ்ச் சமணர் படிக்கும்போது மனம் தயங்கும். பிதுண்டம் என்னும் நகரைக் கழுதை பூட்டிய ஏரால் உழுவித்தார் காரவேலர். அதே ஆண்டில், நெடுங்காலமாக நிலைபெற்றிருந்த தமிழ் நாடுகளின் கூட்டணியை உடைத்தார். அக்கூட்டணி 113 ஆண்டுகள் பழமையானது என்று ஒரு சாராரும், 1300 ஆண்டுகள் என்று வேறு சாராரும் அச்சொல்லைப் படிப்பர். அகநானூற்றில் மாமூலனார், மொழி மாறும் எல்லைப்புற நாடுகளைத் தமிழ் வேந்தர் மூவரும் காத்ததைக் குறிப்பிடுவதால், கலிங்கக் கல்வெட்டு சுட்டும் கூட்டணி அதுவே என்று கருதுவோர் உண்டு. பிதுண்டமோ வணிகத் துறைமுகம். சம்பா நகரத்துச் சமண வணிகன் ஒருவன் கப்பலேறி அங்குச் சென்றதாக உத்தராத்தியயன சூத்திரத்தில் கதையுண்டு. கழுதை ஏர் பூட்டுதல் பகைவர் நகரை இழிவுபடுத்தும் வழக்கம்; பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதி அவ்வாறு செய்ததைப் புறநானூறும் பாடுகிறது. ஆகவே காலத்தின் வழக்கம் அது என்று கூறி அமையலாம். ஆனால் காரவேலர் வெறும் அரசர் அல்லர். அருகரை வணங்கித் தம் வரலாற்றைத் தொடங்கியவர். சமண அறநூல்கள் இல்லறத்தார்க்கு நான்குவகைக் கொலைகளைப் பிரித்துரைத்து, மனமறிந்து வலியச் செய்யும் சங்கற்ப இம்சையை முற்றும் விலக்கி, தாக்க வருவோரை எதிர்க்கும் விரோதி இம்சையைத் தவிர்க்க இயலாததாகக் கொள்ளும். நாட்டைக் காத்தல் பின்னதில் அடங்கும். பிதுண்டத்தை உழுததை அதில் அடக்குவது எளிதன்று. காரவேலரைப் போற்றும் நூல்கள் பலவும் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுகின்றன. கல்வெட்டு கடக்கவில்லை; செய்ததைச் செய்தவாறே வைத்திருக்கிறது.

பன்னிரண்டாம் ஆண்டில் வடபுலத்து அரசர்களை அஞ்சவைத்து, மகதத்து மக்களிடையே பேரச்சம் விளைத்து, மகத மன்னன் பகசதிமிதனைத் தம் காலில் பணியவைத்தார். அங்க மகத நாடுகளின் செல்வம் கலிங்கம் வந்தது. அதனினும் பெரிதாக, நந்தன் கொண்டுசென்ற கலிங்க ஜினர் திருவுருவம் திரும்பி வந்தது. மகதத்தைத் தம் நாட்டோடு இணைத்துக்கொண்டதாகவோ, வேறு தெய்வங்களின் உருவங்களைப் பழிக்குப்பழியாகக் கவர்ந்ததாகவோ கல்வெட்டு கூறவில்லை. அவ்வாண்டிலேயே பாண்டிய மன்னர் முத்தும் மணியும் இலட்சக்கணக்கில் அனுப்பினார். அது திறையா, நட்புக் காணிக்கையா என்று வாதிடுவோர் பலர். காரவேலர் காலத்தை ஒட்டியே பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் பொறித்த மாங்குளம் கல்வெட்டு, கணி நந்தன் என்னும் சமண முனிவர்க்குப் பள்ளி அமைத்த செய்தியைச் சொல்கிறது. முத்து அனுப்பிய நாடும் முத்துப் பெற்ற நாடும் அக்காலத்தில் ஒரே அறத்தின் துறவிகளுக்குக் குகைகளில் இடம் அமைத்துக் கொடுத்தன.

பதின்மூன்றாம் ஆண்டு வேறுவகையாக எழுதப்பட்டுள்ளது. குமாரி மலையில், அதாவது இன்றைய உதயகிரியில், மழைக்காலத்தில் தங்கும் அருகநெறித் துறவியர்க்குக் குகைகள் குடைவித்தார். உணவுக்கு நிவந்தமும் உடுக்க ஆடையும் வழங்கினார். பல திசைகளினின்றும் தவத்தோரும் ஞானியரும் வந்து கூடுவதற்கு, 75 இலட்சம் செலவில், மணியிழைத்த தூண்களோடு கட்டடம் எழுந்தது. மன்னர் தம்மைச் சிராவகர் என்று அவ்விடத்தில் கூறிக்கொள்கிறார். உயிர் வேறு, உடல் வேறு என்னும் உண்மையை ஆய்ந்து தெளிந்ததாகவும் கூறப்படுகிறது. படையெடுப்பு எதுவும் அவ்வாண்டில் இல்லை. அப்போது அவர் வயது ஏறத்தாழ 37.

கல்வெட்டின் இறுதியில் மன்னரின் பட்டங்கள் வருகின்றன. சக்கரவர்த்தி, வெற்றிவேந்தர் என்னும் சொற்களோடு, நலம் காக்கும் அரசர், வளம் பெருக்கும் அரசர், துறவுள்ளம் கொண்ட அரசர், அறவரசர் என்பனவும் நிற்கின்றன. எல்லாச் சமயத்தாரையும் போற்றுபவர், எல்லாத் தெய்வக் கோயில்களையும் பழுதுபார்ப்பவர் என்பன அவற்றுள் குறிக்கத்தக்கவை. பிராமணர்க்கு அவர் கொடை வழங்கியதும் முன்பே சொல்லப்பட்டுள்ளது. தம் சமயத்தில் உறுதியும் பிற சமயங்களிடம் மதிப்பும் ஒருங்கே கொள்ளமுடியும் என்று அசோகர் கல்லில் பொறித்த கருத்து, தோற்ற நாட்டு வேந்தரின் கல்லிலும் இடம்பெற்றது. ஆட்சிக்கு வந்த முதலாண்டில் மதிலைப் பழுதுபார்த்தவர், தம் பெயரை நிறுத்த விரும்பிய கடைசி வரிகளிலும் பழுதுபார்ப்பவர் என்றே தம்மை எழுதுவித்தார்.

அதற்குமேல் அக்கல்வெட்டு செல்லவில்லை. ஏழாம் ஆண்டின் செய்தி சிதைந்து, இல்லறம் பற்றிய ஓரிரு சொற்களே எஞ்சியுள்ளன. ஆயினும் அவர் பட்டத்தரசியை நாம் முற்றும் இழந்துவிடவில்லை. யானைக்குகைக்கு அருகில் மஞ்சபுரி என்னும் ஈரடுக்குக் குகை இருக்கிறது. அதன் மேலடுக்கை, கலிங்கத்துச் சமண முனிவர்களுக்காகக் குடைவித்தவர் அவ்வம்மையார். தாம் இலாலாகர் என்பவரின் மகள் என்பதையும், கலிங்கச் சக்கரவர்த்தி காரவேலரின் பட்டத்தரசி என்பதையும் மூன்றே வரிகளில் கூறி நிறுத்துகிறார். தம் பெயரை அதில் அவர் எழுதவில்லை.